வென்டிலேட்டர் வந்தது, நர்ஸ் புறப்பட்டார்

பெருந்தொற்று முடிந்த பிறகு பசிபிக் தீவு நாடுகளுக்குக் கருவிகள் குவிந்தன, திட்டங்கள் குவிந்தன. ஆட்கள்?

2022 ஜனவரியில் கிரிபட்டி நாட்டின் தராவா விமான நிலையத்தில் ஒரு தனி விமானம் வந்து இறங்கியது. எல்லை மூடப்பட்டதால் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருந்த சொந்த நாட்டு மக்கள் 54 பேர் அதில் வந்தார்கள். எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள். புறப்படும் முன் ஃபிஜியில் மூன்று முறை சோதிக்கப்பட்டவர்கள். இறங்கியதும் தனிமைப்படுத்தும் இடத்துக்குத்தான் அழைத்துப்போனார்கள். அப்படியும் 36 பேருக்குக் கொரோனா. கொஞ்ச நாளில் அது அந்த வளாகத்தைத் தாண்டி ஊருக்குள் புகுந்துவிட்டது.

கிரிபட்டி எவ்வளவு பெரிய நாடு என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம்; நம் பக்கத்து நகராட்சி ஒன்றின் அளவு. ஆனால் 33 தீவுகளும் சிதறிக் கிடக்கும் கடலைச் சேர்த்தால் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம். தலைநகரிலிருந்து கிழக்குக் கோடித் தீவுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சிக்கலான நோயாளியைக் கொண்டுசேர்க்க நாட்டில் இருப்பது தலைநகரப் பெரிய மருத்துவமனை ஒன்றுதான். அங்கும் முடியாவிட்டால் அடுத்த நாட்டுக்கு விமானம் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு நாடு கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு தப்பித்திருந்தது. தீவாக இருப்பதில் உள்ள ஒரே மருத்துவ அனுகூலம் அது. மற்றதெல்லாம் பிரதிகூலம்.

கப்பல் ஒன்று, சமோவா இரண்டு

கதவைச் சாத்தும் பாடத்தைப் பசிபிக் மக்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த ‘தலூன்’ என்ற கப்பல் மேற்கு சமோவாவின் அப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் இன்ஃப்ளுயன்சா நோயாளிகள் இருந்தார்கள். அப்போது அங்கே நடந்தது நியூசிலாந்து ராணுவ நிர்வாகம். பயணிகளை இறங்க விட்டார்கள். இரண்டே மாதத்தில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல். அதே கப்பல் ஃபிஜிக்கும் டோங்காவுக்கும் போய் அங்கும் சாவைப் பரப்பியது.

பக்கத்திலேயே அமெரிக்க சமோவா. அதே மக்கள், அதே மொழி, இரண்டு பக்கமும் சொந்தபந்தம். அங்கே கடற்படை ஆளுநராக இருந்த ஜான் பாயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். கரையோரம் முழுவதும் ஊர் மக்களையே காவலுக்கு வைத்தார். ஒருவர்கூடச் சாகவில்லை. 84 ஆண்டுகள் கழித்து, 2002இல், நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அப்பியாவுக்கே போய் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

2020 மார்ச்சில் தீவு நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லையை மூடியபோது அதிகாரிகளின் மனத்தில் இருந்தது இந்தக் கதைதான். முடிவு சரியானது. அதைப் பழித்த பொருளாதார நிபுணர்கள் உண்டு. சுற்றுலாவை நம்பிய ஃபிஜி போன்ற நாடுகள் நொடிந்ததும் உண்மை. ஆனால் தடுப்பூசி இல்லாத 2020இல் அந்த மருத்துவமனைகளுக்குள் நோய் நுழைந்திருந்தால் 1918இன் கதை வேறு எண்களோடு மீண்டும் எழுதப்பட்டிருக்கும்.

எல்லையை மூடினால் கிடைப்பது அவகாசம். அந்த அவகாசத்தைக் கொண்டு என்ன வாங்கினார்கள் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். 18,000 பேர் வாழும் பலாவு, 2,000 பேர்கூட இல்லாத நியுவே ஆகியவை நோய் பரவுவதற்கு முன்பே பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ஏறக்குறைய தடுப்பூசி போட்டு முடித்தன. சாலமன் தீவுகளில் அது நடக்கவில்லை. 2022 ஜனவரியில் பப்புவா நியூ கினி பக்கத்திலிருந்து ஒரு படகு ஒன்டாங் ஜாவா என்ற தொலைதூரத் தீவில் ஒதுங்கியது. அங்கே நோய் தென்பட்ட அதே நாட்களில் தலைநகர் ஹோனியாராவிலும் தொற்று வெடித்தது. தடுப்பூசி போட்டவர்கள் மிகக் குறைவு. மருத்துவமனையில் தரையிலும் நோயாளிகள், நர்ஸுகளுக்கே தொற்று. விமானத்தைத் தடுத்துவிடலாம். ஓட்டைப் படகை எந்தச் சட்டம் தடுக்கும்?

டோங்காவின் கதை இன்னும் கொடுமை. 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்தது. சாம்பல் மூடியது, சுனாமி அடித்தது, கடலடி கேபிள் அறுந்து நாடே உலகத்தோடு பேச முடியாமல் போனது. ஒரு லட்சம் பேருக்குக் குடிநீர் வேண்டும், கூடாரம் வேண்டும். கொண்டுவருகிறவர்களோ தொற்று நாடுகளிலிருந்து வருகிறவர்கள். யாரும் யாரையும் தொடாமல் பொருளை மட்டும் இறக்கும் முறையை வகுத்தார்கள். உதவிக்கு வந்த ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பலிலேயே இருபது பேருக்கு மேல் தொற்று இருந்தது. கடைசியில், பிப்ரவரி தொடக்கத்தில், இரண்டு துறைமுகத் தொழிலாளர்களிடம் நோய் கண்டறியப்பட்டது. பெருந்தொற்றும் பேரிடரும் தனித்தனி அமைச்சகங்களின் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும் நாடுகள் டோங்காவின் அந்த மூன்று வாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சிவப்புத் துணி கட்டிய வீடுகள்

கொரோனாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது அதற்குச் சில மாதங்கள் முன்பு சமோவாவில் நடந்ததை. தீவு நாட்டின் சுகாதாரத் திட்டம் எங்கே உடையும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆய்வறிக்கையும் காட்டவில்லை.

2018 ஜூலையில் சவாய் தீவின் மருத்துவமனை ஒன்றில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியில் குறையில்லை. தூளாக வரும் மருந்தைக் கரைக்கத் தரப்படும் நீருக்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படும் மருந்தை, அதுவும் காலாவதியானதை, எடுத்துக் கலந்துவிட்டார்கள். இரண்டு நர்ஸுகள் சிறைக்குப் போனார்கள். விசாரணை நடக்கும் வரை என்று அரசு நாடு முழுக்க அந்தத் தடுப்பூசியை நிறுத்தியது. நிறுத்தம் பல மாதங்கள் நீண்டது. மீண்டும் தொடங்கியபோது தாய்மார்கள் வரவில்லை. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் சமூக ஊடகங்களில் அந்த இரண்டு சாவுகளை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2018இல் முதல் தவணை பெற்ற குழந்தைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

மறு ஆண்டு ஆக்லாந்தில் தட்டம்மை பரவியது. ஆக்லாந்துக்கும் அப்பியாவுக்கும் இடையே குடும்பங்கள் போய்வந்துகொண்டேதான் இருக்கும். கல்யாணம், சாவு, தேவாலயத் திருவிழா. நூறு ஆண்டுகளுக்கு முன் தலூன் வந்த அதே வழியில் அம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் நோய். 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 83 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். இரண்டு லட்சம் பேர் கொண்ட நாடு அது. அந்த விகிதத்தில் தமிழ்நாட்டில் என்றால் சுமார் 30,000 சாவு.

நவம்பர் நடுவில் அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிகளை மூடினார்கள். டிசம்பர் 5, 6 ஆகிய இரண்டு நாட்களும் அரசு அலுவலகங்களை அடைத்து ஊழியர்களைத் தடுப்பூசிப் பணிக்கு அனுப்பினார்கள். தடுப்பூசி போடாதவர் இருக்கும் வீடு வாசலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். குழு வீடு தேடி வரும். வரிசையாகச் சிவப்புத் துணி தொங்கிய தெருக்களின் படங்கள் அப்போது உலகம் முழுக்க வந்தன. சில வாரங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஊசி போட்டாயிற்று. நோய் அடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது, அதே மாதங்களில் டோங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை நுழைந்தது என்பது. டோங்காவில் அறுநூறு பேருக்கு மேல் நோய். சாவு? இரண்டு நாட்டிலும் ஒன்றுகூட இல்லை. பெரிய ஆய்வகமோ தீவிர சிகிச்சைப் பிரிவோ அவர்களிடம் கூடுதலாக இருந்ததால் அல்ல. ஆண்டுக்கணக்காக, யாரும் கவனிக்காத செவ்வாய்க்கிழமைகளில், கிராமத்து நர்ஸ் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டே வந்ததால்.

சமோவாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2021இல் கொரோனாத் தடுப்பூசிக்கும் அவர்கள் இரண்டு நாள் ஊரடங்கு போட்டு வீடு வீடாகப் போனார்கள். 2022 மார்ச்சில் தொற்று உள்ளே வந்தபோது பெரியவர்களில் பெரும்பாலோர் பாதுகாக்கப்பட்டிருந்தார்கள். அம்மையில் 83 பேரை இழந்த நாடு கொரோனாவில் அதில் பாதிப் பேரைக்கூட இழக்கவில்லை.

கருவி எங்கே நிற்கிறது?

2020 தொடக்கத்தில் பெரும்பாலான தீவு நாடுகளில் கொரோனாவைக் கண்டறியும் வசதி கிடையாது. மாதிரியை எடுத்து மெல்பர்னுக்கோ நியூசிலாந்துக்கோ குவாமுக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விமானமே ஓடாத காலத்தில் மாதிரியை எதில் அனுப்புவது? அப்போது கைகொடுத்தது காசநோய்த் திட்டம். காசநோயைக் கண்டறிய ஏற்கெனவே பல தீவுகளில் வைத்திருந்த ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சிறிய கருவிக்குப் புதிய கார்ட்ரிட்ஜ் போட்டால் கொரோனாவையும் சோதிக்கலாம். கருவியை இயக்கத் தெரிந்த ஆளும் அங்கேயே இருந்தார். சில மாதங்களில் பெரும்பாலான நாடுகள் சொந்தமாகச் சோதிக்கத் தொடங்கிவிட்டன.

இது நல்ல திட்டமிடலுக்கு எடுத்துக்காட்டு. அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் அவசரத்தை ஏற்றுவது. இதற்கு நேர்மாறானதும் நடந்தது. வென்டிலேட்டர்கள், மானிட்டர்கள், ஆக்சிஜன் ஆலைகள் நன்கொடையாக வந்தன. உப்புக் காற்றில் எதுவும் நீண்ட நாள் தாங்காது. பழுதுபார்க்கும் டெக்னீஷியன் இல்லாத தீவில் ஒரு உதிரிபாகத்துக்கு அடுத்த கப்பல் வரை காத்திருக்க வேண்டும். வென்டிலேட்டர் போட்ட நோயாளியை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும். நன்கொடைப் பட்டியலில் அவருடைய சம்பளம் இருக்காது.

2018 டிசம்பரில் வனுவாட்டு நாட்டின் எரோமாங்கா தீவில், சாலையும் மின்சாரமும் இல்லாத ஒரு கடலோரக் கிராமத்துக்கு டிரோன் தடுப்பூசியைக் கொண்டுபோனது. மலைகளைத் தாண்டி சுமார் 40 கிலோமீட்டர். உலகச் செய்தியானது, யூனிசெஃப் பெருமையோடு அறிவித்தது. நியாயமான பெருமைதான். நடந்தோ படகிலோ போனால் மணிக்கணக்கில் ஆகும் வழி அது. ஆனால் செய்திகளில் ஓரமாக இருந்த விவரம் ஒன்று உண்டு. பெட்டி வந்து இறங்கிய இடத்தில் ஒரு பதிவு பெற்ற நர்ஸ் காத்திருந்தார். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட்டது அவர். அது மாதிரி டிரோன் தினமும் பத்துகூட வரலாம். அந்த நர்ஸ் அங்கே எத்தனை நாள் இருப்பார் என்பதுதான் கேள்வி.

லபாசாவில் படித்து சிட்னியில் வேலை

ஃபிஜியின் மருத்துவத் துறையே தொற்றுநோய்களின் வயிற்றில் பிறந்தது. 1875இல் சிட்னிக்குப் போய்த் திரும்பிய ஃபிஜி மன்னர் தகம்பாவின் குழுவோடு, எச்எம்எஸ் டைடோ என்ற பிரிட்டிஷ் கப்பலில், தட்டம்மை வந்தது. சுமார் 40,000 பேர் இறந்தார்கள். மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேல். நான்கு ஆண்டுகள் கழித்து, 1879 மே மாதம், கல்கத்தாவிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘லியோனிடஸ்’ வந்தது. அதில் காலராவும் பெரியம்மையும். இந்த முறை அதிகாரிகள் சூடு கண்டவர்கள். பயணிகளை ஒரு சின்னத் தீவில் தனியாக வைத்தார்கள். நோய் நாட்டுக்குள் போகவில்லை. ஆனால் அடுத்த கப்பல் வரும், அதற்கடுத்த கப்பலும் வரும். உள்ளூர் இளைஞர்களுக்கு அம்மை குத்தக் கற்றுக்கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது எழுந்தது. அதன் தொடர்ச்சிதான் 1880களின் நடுவில் சுவாவில் தொடங்கிய மருத்துவப் பள்ளி. பின்னாளில் பசிபிக் முழுவதிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து படித்தார்கள். இன்று அது ஃபிஜி தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

பேரழிவுக்குப் பின் அந்தக் காலத்து நிர்வாகம் எடுத்த முடிவைப் பாருங்கள். கட்டடம் கட்டுவதற்கு முன் ஆளைத் தயார் செய்தார்கள். காலனி ஆட்சியைப் பாராட்ட எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கொண்டுவந்த நோய்க்கு அவர்களே தேடிய மருந்து அது. ஆனாலும் அந்த வரிசைமுறை சரி.

ஃபிஜியைத் தமிழர்களுக்குப் பாரதியின் கரும்புத் தோட்டக் கண்ணீரால் தெரியும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளோடு கப்பல்கள் போயின. அவர்களின் வாரிசுகளுக்காகச் சாது குப்புசாமி 1926இல் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிகளை நடத்துகிறது. வனுவா லேவு தீவின் லபாசா ஊரில் ஒரு நர்ஸிங் கல்லூரியையும் நடத்துகிறது. எல்லா இனத்தவரும் படிக்கிறார்கள். ஒரு சிறு தீவுச் சமூகம் தன் நாட்டுக்குத் தர முடிந்த பெரிய கொடைகளில் ஒன்று அது.

அப்படிப் படித்து வந்தவர்கள் இப்போது எங்கே? 2021 ஏப்ரலில் ஃபிஜியின் தனிமைப்படுத்தல் விடுதி ஒன்றிலிருந்து கொரோனாவின் டெல்டா வகை கசிந்தது. ஒன்பது லட்சம் பேர் கொண்ட நாட்டில் ஜூலையில் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் தொற்று. மே மாதம் லவுடோக்கா மருத்துவமனையில் தொற்று தெரிந்ததும், நோயாளிகள், மருத்துவர்கள், நர்ஸுகள் என நானூறு பேருக்கு மேல் உள்ளே வைத்து வாசலை அடைத்தார்கள். சுவாவில் உள்விளையாட்டு அரங்கம் மருத்துவமனையானது. எல்லாவற்றையும் சுமந்தது அந்த நர்ஸுகள்தான். எல்லை திறந்தது. நூற்றுக்கணக்கில் வெளியேறினார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் மருத்துவமனைக் காலியிடங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தன. பதிவு பெற்ற நர்ஸ் அங்கே முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்தாலும் ஊரில் வாங்கியதைவிடப் பல மடங்கு சம்பளம்.

போகிறவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. குறை வேறிடத்தில். ஃபிஜி 2009இல் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 55ஆகக் குறைத்தது. அனுபவம் முற்றிய நர்ஸுகள் ஒரே வீச்சில் வீட்டுக்குப் போனார்கள். 2023இல்தான் புதிய கூட்டணி அரசு அந்த வயதை மீண்டும் உயர்த்தியது. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியா ஒரு கையால் பசிபிக் மருத்துவமனைகளுக்கு நிதி தருகிறது, மறு கையால் அங்கிருந்து நர்ஸுகளை எடுத்துக்கொள்கிறது. ஒரு நர்ஸைப் படிக்கவைக்க ஃபிஜி செலவழித்த பணம் ஆஸ்திரேலியாவின் உதவிக் கணக்கில் எங்கேயும் கழிக்கப்படுவதில்லை. எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நர்ஸுக்கும் இரண்டு பேருக்கான படிப்புச் செலவைப் பணக்கார நாடு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால்தான் இது நேராகும். தீவு நாடுகள் தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காது. சேர்ந்து கேட்க வேண்டும்.

சேர்ந்து வாங்குதல்

சேர்ந்து கேட்பதில் தீவுகளுக்கு ஒரு முன்னோடி உண்டு. கிழக்குக் கரீபியனில் செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா முதலிய நாடுகள் 1986 முதல் மருந்தைக் கூட்டாக வாங்குகின்றன. லட்சம் பேர் உள்ள நாடு இன்சுலினுக்கு டெண்டர் விட்டால் எந்த நிறுவனம் திரும்பிப் பார்க்கும்? எல்லா நாடுகளும் தங்கள் தேவையை ஒரே பட்டியலில் போட்டு ஒரே டெண்டர் விட்டால் விலை இறங்குகிறது, தரத்தையும் ஒரே இடத்தில் சோதிக்கலாம். பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்வதற்கு அவர்களுக்கு ஒரு வசதி: பொது நாணயம், பொது மத்திய வங்கி. ஒவ்வொரு நாடும் அந்த வங்கியில் முன்கூட்டியே பணம் வைக்கிறது. விற்பவருக்குத் தாமதமில்லாமல் போகிறது.

பசிபிக்குக்குப் பொது நாணயம் இல்லை. ஆனால் யூனிசெஃப் 1991இல் தொடங்கிய ஒரு ஏற்பாடு இந்தத் தீவுகளுக்கு உண்டு: தடுப்பூசியை முதலில் அது வாங்கித் தரும், நாடு பிறகு கட்டும். தடுப்பூசியில் முடிந்தது சர்க்கரை நோய் மாத்திரையில் ஏன் முடியாது? 2020 ஏப்ரலில் பசிபிக் தீவுகள் மன்றம் கொரோனாவுக்காக ஒரு கூட்டுப் பாதையை வகுத்து, சோதனைப் பொருட்களையும் நிபுணர்களையும் எல்லை தாண்டி அனுப்பியது. நெருக்கடியில் திறந்த அந்தப் பாதையை நிரந்தரமாக்கினால் பாதி வேலை முடிந்தது.

எதைச் சொந்தமாக வைத்துக்கொள்வது, எதைப் பகிர்வது என்பதுதான் தீவுத் திட்டமிடலின் உயிர்நாடி. பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை நோய், ஆக்சிஜன், முதல் கட்டச் சோதனை: இவை ஒவ்வொரு தீவிலும் இருந்தாக வேண்டும். இதய அறுவைச் சிகிச்சையும் புற்றுநோய்க் கதிர்வீச்சும் ஒவ்வொரு நாட்டிலும் இருக்க முடியாது. துவாலுவின் 11,000 பேருக்கு யார் கட்டுவது? துவாலு நோயாளி ஃபிஜிக்குப் போகிறார், ஃபிஜி நோயாளி இந்தியாவுக்கு வருகிறார். நம் பக்கத்து மாலத்தீவிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் வருகிறவர்களை நாமே பார்க்கிறோம். 2020இல் விமானம் நின்றதும் இந்தச் சங்கிலி அறுந்தது. 2021 ஜனவரியில் முதல் தடுப்பூசிகளை மாலத்தீவுக்குக் கொடுத்த இந்தியா, சில மாதங்களில் தன் நாட்டிலேயே பிணங்கள் எரிந்தபோது ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரே அண்டை நாட்டை நம்பக் கூடாது என்று மாலத்தீவு அதிலிருந்து புரிந்துகொண்டால் நாம் வருத்தப்பட முடியாது.

கட்டடம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு நியுவேயைப் பாருங்கள். 2004 ஜனவரியில் ஹேட்டா புயல் அங்கிருந்த ஒரே மருத்துவமனையை அழித்தது. புதியதைக் கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளிக் கட்டினார்கள். பசிபிக்கின் பெரும்பாலான மருத்துவமனைகள் இன்னும் அலையின் காலடியில்தான் நிற்கின்றன.

வான்கோழி வால்

பெருந்தொற்றுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடிந்துபோகும் விஷயம் உணவு. பசிபிக் தீவுகளில் நிகழும் சாவுகளில் நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் தொற்றாத நோய்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய். கொரோனா யாரைத் தேடிக் கொன்றது என்று நமக்குத் தெரியும். மீனும் கிழங்கும் தேங்காயும் தின்றவர்கள் ஓரிரு தலைமுறையில் டின் இறைச்சிக்கும் நூடுல்ஸுக்கும் மாறிய கதை நீளமானது.

அதில் ஒரு அத்தியாயம் மட்டும். அமெரிக்காவில் பெரும்பாலோர் தின்னாத, கொழுப்பு மண்டிய வான்கோழி வால் சமோவாவுக்கு ஏற்றுமதியானது. 2007இல் சமோவா அரசு அதைத் தடை செய்தது. பிறகு உலக வர்த்தக அமைப்பில் சேர விண்ணப்பித்தபோது தடையை நீக்கினால்தான் இடம் என்றார்கள். நீக்க ஒப்புக்கொண்டார்கள், 2012இல் உறுப்பினரானார்கள். சுகாதார அமைச்சர் போட்ட வேலியை வர்த்தக அமைச்சர் பிடுங்க வேண்டியிருந்தது. கால் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் பணம் கட்டுவது மறுபடியும் சுகாதார அமைச்சர். 2023 ஜூனில் பார்படோசில் கூடிய தீவு நாடுகளின் அமைச்சர்கள் தொற்றாத நோய்கள் பற்றி பிரிட்ஜ்டவுன் பிரகடனம் வெளியிட்டார்கள். பிரகடனத்தால் ஒரு டப்பா இறைச்சியின் விலைகூட ஏறாது. வரி போட்டால் ஏறும். நவூரு 2007லேயே சர்க்கரைப் பண்டங்களுக்கு வரி போட்டது. டோங்காவும் பிறகு அந்த வழிக்கு வந்தது.

பணக் கணக்கிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தலா வருமானத்தைப் பார்த்தால் பல தீவு நாடுகள் ஏழைகள் அல்ல. அதனால் மலிவுக் கடனும் தடுப்பூசி மானியமும் மறுக்கப்படுகின்றன. ஒரே புயல் நாட்டின் ஓராண்டு வருமானத்தில் பெரும் பங்கை அடித்துக்கொண்டு போகும் என்பது அந்த அளவுகோலில் தெரியாது. 2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை வருமானத்தோடு பாதிப்புக்குள்ளாகும் தன்மையையும் அளக்கும் புதிய குறியீட்டை ஏற்றது. கடன் தரும் வங்கிகள் அதைக் கையில் எடுக்குமா என்பது அவற்றின் விருப்பம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ வேண்டுமானால் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அடுத்தது வந்துவிட்டது

2025 மே மாதம் உலக நாடுகள் ஜெனிவாவில் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றன. தீவு நாடுகளுக்கு அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. அந்த ஆண்டு டெங்கு பசிபிக்கில் தீவு தீவாகத் தாவியது. சமோவாவில் குழந்தைகள் இறந்தார்கள், நியூசிலாந்திலிருந்து மருத்துவக் குழு போனது. ஃபிஜியில் 2024இன் முதல் ஒன்பது மாதங்களில் மட்டும் 1,093 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டது. ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் முக்கியக் காரணம். 2025 ஜனவரியில் அரசு அதைத் தொற்று வெடிப்பாக அறிவித்தது.

எச்ஐவிக்கு எல்லையை மூட முடியாது. மருந்து இருக்கிறது, சோதனைக் கருவி இருக்கிறது. போதைக்கு அடிமையான இருபது வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், பயமுறுத்தாமல் பேசி, சோதனைக்கு அழைத்துவந்து, மாதாமாதம் மாத்திரை வாங்குகிறானா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இப்போது பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணியில் இருக்கக்கூடும்.

தீவு நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கு இனி நிறைய திட்ட ஆவணங்கள் வரும். நர்ஸின் சம்பளமும் குடியிருப்பும் படிப்புச் செலவும் வரவுசெலவுப் பட்டியலில் இல்லாத ஆவணம் எதுவானாலும், எந்த நாடு, எந்த வங்கி தந்தாலும், கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.